அந்த 19,000 கோடி டாலர் எங்கே போனது என்று கேட்கிறவர்களுக்கு

போன வாரம் எங்கள் டெட்ராய்ட் பக்கத்துத் தமிழ் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் ஆரம்பித்து வைத்தார். "கோவிட் சமயத்தில் பள்ளிகளுக்கு 19,000 கோடி டாலர் கொட்டினார்கள். பிள்ளைகளுக்குக் கணக்கு வந்ததா? எல்லாம் வீண்." பதினேழு பேர் கட்டைவிரலை உயர்த்தினார்கள். அங்கேயே பதில் எழுத உட்கார்ந்தேன், நீண்டுகொண்டே போனது, அதனால் இங்கே போடுகிறேன். அந்தப் பணத்தில் ஒரு துளி எனக்குச் சம்பளமாக வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2022 செப்டம்பரிலிருந்து 2024 ஜூன் வரை பக்கத்து ஊர் நடுநிலைப் பள்ளி ஒன்றில் கணக்கு ட்யூட்டராக இருந்தேன்.

2020 மார்ச், 2020 டிசம்பர், 2021 மார்ச் என்று மூன்று தவணையாக அமெரிக்கக் காங்கிரஸ் ஒதுக்கிய தொகை அது. மூன்றாவதுதான் பெரியது, 12,200 கோடி. அதில் 90 சதவீதம் பள்ளி மாவட்டங்களுக்குப் போக வேண்டும். (நம்மூர் மாவட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். இங்கே ஊருக்கு ஊர் ஒரு பள்ளி மாவட்டம், அதற்கென்று ஒரு போர்டு.) அந்தப் பங்கில் குறைந்தது 20 சதவீதத்தைப் பிள்ளைகள் விட்ட பாடத்தைப் பிடிக்கச் செலவழிக்க வேண்டும் என்று நிபந்தனை. முதல் இரண்டு தவணைக்கு அதுவும் கிடையாது. போட்டுப் பாருங்கள், 19,000 கோடியில் மாவட்டங்கள் கட்டாயம் இதற்கென்று எடுத்துவைக்க வேண்டியிருந்தது சுமார் 2,200 கோடிதான். மீதி காற்றோட்ட வசதி, லேப்டாப், முகக்கவசம், சம்பளம் என்று எதற்கும் போகலாம். கல்யாணச் செலவு மொத்தத்தையும் சாம்பார் கணக்கில் எழுதிவிட்டு, இவ்வளவு செலவழித்தும் உப்பு இல்லையே என்றால் எப்படி?

கோபப்பட வேண்டிய செலவுகளும் உண்டு. விஸ்கான்சினில் வைட்வாட்டர் என்ற சிறிய ஊர், தனக்கு வந்த 20 லட்சம் டாலரில் 80 சதவீதத்தைச் செயற்கைப் புல் மைதானங்களுக்குக் கொடுத்தது. டெக்சஸின் மெக்காலன் 40 லட்சம் டாலரை ஓர் இயற்கைப் பூங்கா மையத்துக்கு எழுதியது. ஆனால் டெட்ராய்ட்டையும் இதே பட்டியலில் சேர்ப்பவர்களோடு எனக்கு ஒப்புதல் இல்லை. வந்த 127 கோடியில் சுமார் 70 கோடியை அந்த மாவட்டம் கட்டடங்களுக்கு ஒதுக்கியது உண்மை. 2018இல் குழாய்த் தண்ணீரில் ஈயமும் செம்பும் இருக்கிறது என்று பள்ளிகளில் குடிநீரையே நிறுத்திய மாவட்டம் அது. கூரையும் ஹீட்டரும் அங்கே ஆடம்பரமில்லை.

சரி, என் மேசைக்கு வருகிறேன். தாழ்வாரத்தின் கோடியில், தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் ஒரு மேசை. மூன்று ஆறாம் வகுப்புப் பிள்ளைகள். வாரத்தில் மூன்று நாள், தலா அரைமணி நேரம், பள்ளி நேரத்திலேயே. முதல் வாரம் ஒரு பையனிடம் கேட்டேன், கால் பெரிதா, எட்டில் ஒன்று பெரிதா என்று. "எட்டில் ஒன்று. நாலைவிட எட்டு பெரியதுதானே?" மற்ற இருவரும் ஆமாம் என்று தலையாட்டினார்கள். இங்கே பின்னம் தொடங்குவது மூன்றாம் வகுப்பில். இவர்கள் மூன்றாம் வகுப்பில் இருந்தபோதுதான் 2020 மார்ச்சில் பள்ளி மூடியது. இப்போது வகுப்பறையில் விகிதம் நடக்கிறது, இவர்களுக்குக் கால் எது, அரைக்கால் எது என்று தெரியாது.

நோட்டுத் தாளைப் பட்டையாகக் கிழித்து, நாலாக மடித்து, எட்டாக மடித்து, பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். செவ்வாய்க்கிழமை புரிந்தது. வியாழக்கிழமை மறந்திருந்தது. திரும்பக் கிழித்தோம். ஐந்தாவது வாரம் பக்கத்திலிருந்த பெண் தப்பாகச் சொன்னபோது, அவன் என்னைப் பார்க்காமலேயே ஒரு தாளைக் கிழித்து மடிக்க ஆரம்பித்தான். அந்தப் பெண் திங்கட்கிழமைகளில் வருவதே இல்லை. மூன்றே பேர் என்பதால் அது என் கண்ணில் பட்டது, அலுவலகத்தில் சொன்னேன், வீட்டுக்குப் போன் போனது. நாடு முழுக்க 2022 வாக்கில் நூற்றுக்கு 28 பிள்ளைகள் பள்ளி நாட்களில் பத்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ வராமல் இருந்தார்கள். முப்பது பேர் வகுப்பில் அதை யார் கவனிப்பது?

இதே காலத்தில் எங்கள் வீடு இருக்கும் மாவட்டம் வேறு வழியில் போனது. 24 மணி நேரமும் ஆன்லைனில் ட்யூட்டர், லிங்கை அழுத்தினால் போதும் என்று ஒரு சேவையை வாங்கியது. அதை யார் பயன்படுத்தினார்கள் தெரியுமா? என் மகள். ஏற்கெனவே ஏ வாங்குகிறவள். கட்டுரையை அனுப்பித் திருத்தி வாங்கிக்கொள்வாள். பின்தங்கிய பிள்ளைக்குத் தனக்கு எது தெரியவில்லை என்பதே தெரியாது, அது இரவு ஒன்பது மணிக்கு லிங்கை அழுத்தி என்ன கேட்கும்? கலிஃபோர்னியாவின் ஆஸ்பயர் என்ற பள்ளிக் குழுமத்தில் இப்படி ஒரு சேவையை ஆராய்ந்தபோது, ஒரு முறையாவது உள்ளே போனவர்கள் 19 சதவீதம் மட்டுமே. படிப்பில் தடுமாறுகிறவர்கள் அதிலும் குறைவு.

லாஸ் ஏஞ்சல்ஸிலும் இதே கதைதான். விருப்பம் உள்ளவர்கள் வரலாம் என்று கூடுதல் வகுப்பு நாட்கள் வைத்தார்கள், 2022 டிசம்பரில், விடுமுறையின் தொடக்கத்தில். முதல் நாள் பத்தில் ஒரு பிள்ளைகூட வரவில்லை.

ஆக, பணம் வீணா? ஹார்வர்டும் ஸ்டான்ஃபோர்டும் சேர்ந்து 2024இல் சொன்ன கணக்குப்படி, ஒரு மாணவருக்கு 1,000 டாலர் கூடுதலாகப் போன இடத்தில் கணிதம் ஒரு வகுப்பாண்டின் 3 சதவீதம் அளவுக்கு ஏறியது. அதாவது ஐந்தாறு பள்ளி நாட்கள். சிறியதுதான், ஆனால் பூஜ்யம் இல்லை. புல்தரை, பூங்கா, லிங்க், மேசை எல்லாவற்றையும் கலந்து எடுத்த சராசரி அது. நாடு முழுக்க வைக்கும் தேசிய மதிப்பீட்டுத் தேர்வில் எட்டாம் வகுப்புக் கணிதம் 2022இல் 8 புள்ளி விழுந்தது, 2024இலும் எழவில்லை. நாலாம் வகுப்பு 5 புள்ளி விழுந்து 2 ஏறியது. மேசையைப் பற்றியும் நான் கதை விடக்கூடாது. நாஷ்வில்லில் ஊர் முழுக்க ட்யூட்டர் திட்டத்தை விரித்தபோது வாசிப்பில் சிறிய முன்னேற்றமே கிடைத்தது, கணிதத்தில் ஒன்றுமில்லை. ஆளை நிறுத்துவது, நேர அட்டவணையில் இடம் பிடிப்பது, அதே ஆள் அதே பிள்ளையோடு இருப்பது எல்லாம் பெரிய அளவில் செய்யும்போது இளகிவிடுகிறது.

தமிழ்நாட்டிலும் இதைப் பார்த்தோம். இல்லம் தேடிக் கல்வியில் மாதம் 1,000 ரூபாய் வாங்கிக்கொண்டு மாலையில் திண்ணையில் உட்கார்ந்த தன்னார்வலர்களை நினைத்துப் பாருங்கள். கிராமப்புறங்களில் சுமார் 19,000 பிள்ளைகளைச் சோதித்த ஆய்வில், பள்ளி மூடியபோது விட்டுப்போய்ப் பிறகு மீண்ட படிப்பில் 24 சதவீதம் அந்தத் திட்டத்தால் வந்தது என்று தெரிந்தது. அங்கேயும் பிள்ளை இருக்கும் தெருவுக்கே ஆள் போனார்.

2024 செப்டம்பர் 30க்குள் மாவட்டங்கள் மூன்றாம் தவணைப் பணத்தை எதெதற்கு என்று ஒதுக்கி முடிக்க வேண்டும் என்பது கெடு. ட்யூட்டர் வேலைகள் அதற்கு முன்பே ஜூனில் முடிந்தன. எனக்கு வந்த மின்னஞ்சல் இரண்டு வரி, அதில் ஒரு வரி நன்றி.

இங்கே மிச்சிகனில் ஜூலையில் பள்ளி நிதியாண்டு தொடங்குகிறது, அதனால் ஜூனில் பட்ஜெட் கூட்டம் நடக்கும். நம்மவர்கள் அதிகம் போவதில்லை, மேல்நிலைக் கணித வகுப்பில் பிள்ளைக்கு இடம் கிடைக்கவில்லை என்றால் மட்டும் கூட்டமாகப் போவோம். நான் போன ஜூனில் எங்கள் மாவட்டக் கூட்டத்துக்குப் போனேன். பொதுமக்களுக்கு மூன்று நிமிடம். அந்த ஆன்லைன் சேவையை இதுவரை எத்தனை பிள்ளைகள் திறந்தார்கள், அதில் எத்தனை பேர் கணக்கில் பின்தங்கியவர்கள் என்று கேட்டேன். பார்த்துச் சொல்கிறோம் என்று போர்டு உறுப்பினர் ஒருவர் என் மின்னஞ்சலைக் குறித்துக்கொண்டார். ஸ்பாம் பெட்டிவரை தேடிவிட்டேன், இன்னும் வரவில்லை.