செயினுக்கு எண்ணெய் விடச் சொன்னேனா அண்ணாச்சி?

பஞ்சர் பார்க்க மட்டும்தாங்க சைக்கிளை விட்டேன். பின் டயர்ல முள்ளு. செங்கோட்டையில ஒரு டீ குடிச்சிட்டுத் திரும்பி வந்தா, செயின் கருகருன்னு மின்னுது. தரையில சொட்டுச் சொட்டா கறுப்பு. லாரியில வடிச்ச வேஸ்ட் ஆயில்!

"தம்பி, செயின் எண்ணெயே காணாம வறண்டு கெடந்துச்சு. நல்லா குளிப்பாட்டி விட்டிருக்கேன். இதுக்குக் காசு வேண்டாம்."

வறண்டு கெடக்கலை அண்ணாச்சி, அது மெழுகு! ஞாயித்துக்கிழமை பூரா உட்கார்ந்து ஏத்தின மெழுகு!

செயினைக் கழட்டி, பெட்ரோல்ல மூணு தடவை அலசி, கம்பெனி கிரீஸ் துளி இல்லாம எடுத்தேன். பாரஃபின் மெழுகை நேரா அடுப்புல வச்சா தீப்பிடிக்கும், அதனால வெந்நீர்ச் சட்டிக்குள்ள இன்னொரு சட்டி. (அது வீட்டுப் பால் சட்டி. அந்தப் பஞ்சாயத்து இன்னும் முடியலை.) செயினைக் கம்பியில கோத்து முக்கி, குமிழி நிக்கிற வரைக்கும் ஆட்டணும். உள்ள இருக்கிற காத்து வெளிய போனாத்தான் கண்ணிகளைக் கோக்கிற பின்னுக்கும் அதைச் சுத்தி உருளுற ரோலருக்கும் நடுவுல மெழுகு இறங்கும். ஆறினா முருங்கைக்காய் மாதிரி வெறைச்சு நிக்கும். வெளக்குமாத்துக் கட்டை மேல போட்டு ஒவ்வொரு கண்ணியா மடக்கி இளக்கணும். நூத்துச் சொச்சம் கண்ணி!

எதுக்கு இவ்வளவும்? காஞ்ச மெழுகுல மண் அவ்வளவா ஒட்டாது. எண்ணெய்ல அப்பிக்கும். ரெண்டும் சேர்ந்து சாணைக்கல் மாதிரி பின்னைத் தின்னும். பின் தேஞ்சா செயின் நீளும். 24 கண்ணி அளந்தா 12 இஞ்ச் இருக்கணும். பதினாறுல ஒரு பங்கு இஞ்ச் கூடினாலே செயினை மாத்தணும். அசந்தா பல்சக்கரமும் போச்சு.

மழைக்கு மெழுகு தாங்காதேம்பீங்க. தாங்காதுதான். இங்க சாரல்னா, கோட்டைவாசல் தாண்டி கேரளா பக்கம் ஆரியங்காவுல கொட்டும். வந்ததும் தொடச்சுக் காயவைக்கலைன்னா துரு. நார்வேக்காரன் பனிச்சறுக்குப் பலகைக்கே குளிரைப் பார்த்து மெழுகு மாத்துறான். கடுங்குளிருக்குக் கெட்டி மெழுகு, ஈரப் பனிக்குப் பிசின் மாதிரி கிளிஸ்டர்னு ஒரு மெழுகு. நானும் ஜூன் பொறந்தா மழைக்குன்னே விக்கிற செயின் எண்ணெய்க்கு மாறிடுவேன். ஆனா இது மார்ச் மாசம்யா! வானத்துல ஒரு பொட்டு மேகம் இல்லை!

இவர் மட்டுமா? மாமா தேங்காய் எண்ணெய் விடச் சொல்றாரு. பக்கத்து வீட்டு அத்தை தையல் மெஷின் எண்ணெயைக் கொண்டு வந்து நீட்டுறாங்க. சத்தம் வந்தா எண்ணெய், வரலைன்னாலும் எண்ணெய். இந்த மனுஷன் காசாவது வாங்கியிருந்தா சண்டை போட்டிருக்கலாம். சிரிச்சுக்கிட்டே கையைத் தொடைக்கிறாரு, நான் என்ன பேச?

பஞ்சருக்குக் காசைக் குடுத்துட்டு வண்டியை எடுத்தேன். பின்னாலருந்து குரல்.

"தம்பி, பிரேக்கு கீச்சு கீச்சுன்னு கத்துச்சு. அங்கயும் ரெண்டு சொட்டு விட்டிருக்கேன்."

நாளைக்குக் காலையில புளியரை மலை ரோட்டு எஸ் வளைவுல இறங்கணும் நான்.