ஹவானா தனக்கு வேண்டிய உணவு முழுவதையும் தானே விளைவிக்கிறதா?

‘கியூபாவின் தலைநகர் ஹவானா காலிமனைகளில் பயிர் செய்தே தன் உணவு முழுவதையும் விளைவித்துக்கொள்கிறது, இறக்குமதியே கிடையாது’ என்ற தகவல் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இது தவறு.

தோட்டங்கள் உண்மைதான். 1991-இல் சோவியத் ஒன்றியம் உடைந்ததும் டீசலும் உரமும் வருவது வெகுவாகக் குறைந்தது. ஹவானா மக்கள் காலிமனைகளில் நீளமான பாத்தி கட்டி, மண்ணும் மட்கிய எருவும் நிரப்பி, கீரை, காய்கறி போட்டார்கள். 1997-இல் தொடங்கிய அலமார் தோட்டம் சுமார் 10 ஹெக்டேருக்கு விரிந்தது. அசாத்தியமான உழைப்பு அது, பாராட்டத்தான் வேண்டும்.

ஆனால் கீரையால் வயிறு நிறையாது. 100 கிராம் லெட்யூஸில் சுமார் 15 கலோரிதான். அதே எடை அரிசியில் 350 வரை உண்டு. அரிசி, கோதுமை, கோழிக்கறி, சமையல் எண்ணெய் ஆகியவற்றில் பெரும்பகுதி கப்பலில்தான் வருகிறது. கோழிக்கறி, அமெரிக்காவிலிருந்தே அதிகம். கோதுமை கியூபாவில் பெரிதாக விளைவதில்லை. அதனால்தான் மாவுத் தட்டுப்பாடு வந்த 2024 செப்டம்பரில், ரேஷன் ரொட்டியின் எடையை அரசு 80 கிராமிலிருந்து 60 கிராமாகக் குறைத்தது. அதே ஆண்டு தொடக்கத்தில், குழந்தைகளுக்குப் பால் பவுடர் கேட்டு ஐ.நா.வின் உலக உணவுத் திட்டத்தை நாடியதும் இதே கியூபாதான்.