ஆறு மாசம் போதுமாமுங்க!

அவினாசி ரோட்டுக் கூட்டத்தில் பங்குச்சந்தையில் பட்டியலான கம்பெனிகள் லாப நஷ்டக் கணக்கை, அதாவது ரிசல்ட்டை, வெளியிடுவது பற்றி அந்தப் பெரிய மனிதர் பேசிய வீடியோ உங்களுக்கும் வந்திருக்கும், குரூப் குரூப்பாக ஓடுகிறதே. "சின்ன முதலீட்டாளருக்கு மூணு மாசத்துக்கு ஒருக்கா ரிசல்ட் எதுக்குங்க? குழப்பம்தான் மிச்சம். ஆறு மாசம் போதும்." கைதட்டல் வேறு.

ஐயா, கணக்கை வெளியிடாவிட்டால் கணக்கு இல்லாமல் போய்விடாது. எங்களுக்கு மட்டும்தான் தெரியாமல் போகும். கம்பெனியைக் கையில் வைத்திருக்கிற புரொமோட்டருக்குத் தெரியும். கடன் கொடுத்துவிட்டு மாசா மாசம் ஸ்டாக் ஸ்டேட்மென்ட், அதாவது சரக்கு இருப்புக் கணக்கு, வாங்குகிற பேங்குக்குத் தெரியும். தெரியாதவன் நான் ஒருத்தன்தான்.

அமெரிக்காவிலும் ஆறு மாசக் கணக்கே போதும் என்று 2025 செப்டம்பரில் டிரம்ப் கேட்டாராம், பிரிட்டனில் 2014-லேயே காலாண்டுக் கணக்குக் கட்டாயத்தை எடுத்துவிட்டார்களாம். இருக்கட்டும். இங்கே பங்குச்சந்தையைக் கண்காணிக்கிற செபியின் விதி, காலாண்டு முடிந்து 45 நாளில் ரிசல்ட் வர வேண்டும் என்கிறது. வருட முடிவென்றால் 60 நாள். திருப்பூரில் நாலு மிஷினை வைத்து ஜாப் ஒர்க் ஓட்டுகிற நான் மாசா மாசம் ஜிஎஸ்டி கணக்குக் காட்டுகிறேன். ஒரு நாள் தள்ளினாலும் லேட் ஃபீ. ஆயிரம் கோடிக் கம்பெனிக்கு மூணு மாசம் பெரிய சுமையாமுங்க!

2022 மே மாதம் பஞ்சு ஒரு கண்டி (356 கிலோ) ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது நம்ம ஊர்க்காரர்களுக்கு மறக்காது. என்னிடம் ஒரு ஸ்பின்னிங் மில் பங்கு இருந்தது. மார்ச் காலாண்டு ரிசல்ட் அமர்க்களம். ஆகஸ்டில் ஜூன் காலாண்டு ரிசல்ட் வந்தபோதும் விற்பனை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அதற்குக் கீழே மூலப்பொருள் செலவு என்று ஒரு வரி இருக்கும் பாருங்கள், அது விற்பனையைவிட வேகமாக ஏறியிருந்தது. உச்ச விலையில் பஞ்சு வாங்கி வைத்திருக்கிறார்கள் என்று புரிந்தது. பாதியை விற்றேன். நவம்பரில் செப்டம்பர் காலாண்டு நஷ்டம் என்று வந்தது. ஆறு மாசக் கணக்கு மட்டும் இருந்திருந்தால், நவம்பர் வரை அந்த மார்ச் லாபத்தைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். உள்ளே இருந்தவர்களுக்கு ஜூனிலேயே தெரிந்திருக்கும்.

மூணு மாசத்துக்கு ஒருமுறை லாபம் காட்டுகிற அவசரத்தில் கம்பெனிகள் தொலைநோக்கை விட்டுவிடுகின்றன என்பார்கள். கொஞ்சம் நியாயம் இருக்கிறது, சரி. ஆனால் சிறு, நடுத்தரக் கம்பெனிகளுக்கான எஸ்எம்இ தளத்தில் பட்டியலான கம்பெனிகளுக்கு அரையாண்டுக் கணக்குதானே? அங்கே எல்லாரும் தொலைநோக்கில் மூழ்கிக் கிடப்பதாக எனக்குத் தெரியவில்லை.

"ரிசல்ட்டை யாருங்க படிக்கறாங்க?" என்று ஒரு தம்பி போன பதிவிலேயே கேட்டார். எங்க பெரியப்பா படிப்பாருங்க. தமிழ்ப் பேப்பரில் வரும் ரிசல்ட் விளம்பரத்தைப் பேக்கரியில் டீயோடு விரித்து, போன வருடக் கட்டத்தையும் இந்த வருடக் கட்டத்தையும் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார். 2024 டிசம்பரில் செபி விதியை மாற்றிவிட்டது. விளம்பரத்தில் கணக்கு எண்கள் வேண்டாம், கியூஆர் கோடும் இணைய முகவரியும் இருந்தால் போதும். அவரிடம் இருப்பது பட்டன் போன். செலவு மிச்சமாம். யாருக்கு மிச்சம்?

ரிசல்ட்டுக்குப் பிறகு கம்பெனிக்காரர்கள் முதலீட்டாளர்களோடு போனில் பேசுகிற கான்கால் ஒலிப்பதிவை 24 மணி நேரத்துக்குள் போட வேண்டும், எழுத்து வடிவம் ஐந்து வேலை நாளில் வர வேண்டும் என்று விதி வந்ததில் எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். மதியச் சாப்பாட்டு நேரத்தில் மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்பேன். கேள்வி கேட்பதெல்லாம் மியூச்சுவல் ஃபண்டு நடத்துகிற ஃபண்டு ஹவுஸ்காரர்கள்தான். நம்ம முறை வரும்போது "நேரமின்மை காரணமாக" என்று முடித்துவிடுவார்கள். தனியாக அவர்களை உட்கார வைத்துப் பேசும் சந்திப்புக்கு அந்த ஒலிப்பதிவு விதியும் கிடையாது. அன்றைக்கு அவினாசி ரோட்டுக் கூட்ட ஹாலிலும் கையைத் தூக்கிக்கொண்டே நின்றேன். மைக் முன்வரிசையைத் தாண்டி வரவே இல்லை. எங்களுக்குக் குழப்பமாம்! எங்களிடம் கேட்டீர்களா?

"அவ்வளவு பயமா இருந்தா மியூச்சுவல் ஃபண்டுல போடுங்களேன்" என்று கமெண்டில் வருவீர்கள், தெரியும். போட்டிருக்கேனுங்க. அந்த ஃபண்டு மேனேஜரிடமும் போய், மூணு மாசக் கணக்குப் பார்த்தால் குழம்பிவிடுவீர்கள், ஆறு மாசத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும் என்று சொல்லிப் பாருங்களேன். அவர் கைதட்டுகிறாரா பார்ப்போம்.