22 புள்ளி வந்துவிட்டால் இரண்டு கிளப்தானா?

பிரிட்ஜ் சீட்டாட்டத்தில் 22 புள்ளிக்குக் (ஏஸ் 4, கிங் 3, குயின் 2, ஜாக் 1) குறையாத கை ஏறக்குறைய 240 டீலுக்கு ஒருமுறைதான் வரும். 24 போர்டு (டீல்) ஆடும் மாலைகள் என்றால் பத்துக்கு ஒன்று. அதனாலோ என்னவோ, வந்தவுடன் பலருக்கும் கை பரபரத்து, மிக வலுவான கை என்று பார்ட்னருக்குச் சொல்லும் ஏலமான இரண்டு கிளப்பைக் கேட்டுவிடுகிறார்கள். நிறைய ஸ்லாம் (13 சுற்றில் 12 அல்லது எல்லாவற்றையும் வெல்வதாகக் கேட்பது) நழுவுவது அங்கேதான்.

இரண்டு கிளப்புக்கு எண்ண வேண்டியது ட்ரிக்கை, அதாவது வெல்லக்கூடிய சுற்றுகளை. ஸ்பேடில் ஏஸ், கிங், குயின், ஜாக், 10, 9, 4. ஹார்ட்டில் ஏஸ், கிங், குயின், 4. டைமண்டிலும் கிளப்பிலும் ஒவ்வொரு சின்னச் சீட்டு. புள்ளி 19தான். ஆனால் 10 ட்ரிக் கையிலேயே இருக்கிறது. பார்ட்னரிடம் ஒன்றுமே இல்லாவிட்டாலும் நாலு ஸ்பேட் (6+4, அதாவது 10 ட்ரிக்) வந்துவிடும். ஒரு ஸ்பேட் கேட்டு மூன்று பாஸ் விழுந்தால் கேம் (பெரிய போனஸ் தரும் ஏலம்) போச்சு. இதற்குத்தான் இரண்டு கிளப்.

இப்போது இதைப் பாருங்கள்: ஸ்பேட் ஏஸ் மட்டும், ஹார்ட் கிங், 3, டைமண்ட் ஏஸ், கிங், ஜாக், 7, 4, கிளப் ஏஸ், குயின், ஜாக், 6, 2. புள்ளி 22. ஆனாலும் நான் ஒரு டைமண்ட்தான் கேட்பேன். இரண்டு கிளப்பில் தொடங்கினால் பார்ட்னர் இரண்டு டைமண்ட் (சும்மா காத்திருக்கும் பதில்), நீங்கள் மூன்று டைமண்ட், அவர் மூன்று ஸ்பேட், நீங்கள் நாலு கிளப். இரண்டாவது சூட்டைச் சொல்லி முடிப்பதற்குள் மூன்று நோ-டிரம்ப் (டிரம்ப், அதாவது வெட்டுச் சூட், இல்லாமல் 9 ட்ரிக்) தாண்டிவிட்டது. ஒரு டைமண்டில் தொடங்கி, அவர் ஒரு ஸ்பேட் சொன்னால், மூன்று கிளப் என்று தாவுங்கள். இரண்டு சூட்டும் தெரிந்துவிடும், கேம் வரை நிற்கவும் முடியாது. "எல்லோரும் பாஸ் சொல்லிவிட்டால்?" மிச்சம் 18 புள்ளி மூன்று பேரிடம் இருக்கிறது, உங்களிடம் ஸ்பேட் ஒன்றே ஒன்று. பார்ட்னர் வாயடைத்துப் போனாலும் எதிராளிகளில் ஒருவர் பெரும்பாலும் வாய் திறப்பார்.

நாலு சூட்டிலும் சீட்டு ஏறக்குறைய சமமாகப் பிரிந்த கை வேறு கதை. 20-21க்கு நேராக இரண்டு நோ-டிரம்ப். 22-24க்கு இரண்டு கிளப் வழியாக இரண்டு நோ-டிரம்ப். 25க்கு மேல்தான் சிக்கல். அதை மூன்று நோ-டிரம்ப்பாகச் சொன்னால் ஸ்டேமனுக்கும் டிரான்ஸ்ஃபருக்கும் (ஹார்ட், ஸ்பேட் பொருத்தம் தேடப் பார்ட்னர் சொல்லும் பதில்கள்) ஒரு படி முழுசாகப் பறிபோகிறது. கனடாவின் எரிக் கோக்கிஷ் பெயரில் இருக்கும் முறை இதற்கு நல்ல மருந்து. இரண்டு கிளப், இரண்டு டைமண்டுக்குப் பிறகு வரும் இரண்டு ஹார்ட்டுக்கு இரண்டு அர்த்தம்: நிஜமான ஹார்ட், அல்லது 25க்கு மேல் சமமான கை. பார்ட்னர் இரண்டு ஸ்பேட் சொல்லியே ஆக வேண்டும். அடுத்து நீங்கள் இரண்டு நோ-டிரம்ப் சொன்னால் 25க்கு மேல்; வேறு எதுவானாலும் ஹார்ட். ஆனால் இருவருக்கும் நினைவிருந்தால் மட்டும் வையுங்கள். ஒருவர் மறந்து இரண்டு ஹார்ட்டுக்கு ஆதரவு கொடுத்தால், இரண்டு சீட்டு ஹார்ட்டை டிரம்ப்பாக வைத்து ஆட வேண்டி வரும்.

பதில் சொல்பவர்கள் அதிகம் தவறுவது ஆதரவில். இரண்டு கிளப், இரண்டு டைமண்ட், இரண்டு ஸ்பேட் வந்தபின் நேராக நாலு ஸ்பேடுக்குத் தாவினால், டிரம்ப் இருக்கிறது, ஆனால் ஏஸ், கிங், ஒற்றைச் சீட்டு, வாய்ட் (ஒரு சூட்டில் சீட்டே இல்லாமை) எதுவும் இல்லை என்று அர்த்தம். ஒரு ஏஸ் இருந்தாலும் மூன்று ஸ்பேட்தான். கேம் வரை கட்டாயம் என்பதால் அதை ஓபனர் (ஏலத்தைத் தொடங்கியவர்) பாஸ் செய்ய முடியாது. நல்ல கையை வைத்துக்கொண்டு உற்சாகத்தில் நாலுக்குத் தாவுகிறார்கள். எதிரே 11 ட்ரிக் வைத்திருப்பவரும் அதை நம்பிப் பாஸ் சொல்லிவிடுகிறார்.