விட்டுப் போனவனிடமே ஓடிபி கேட்கச் சொல்வதா?

கணவன் விட்டுப் போன ஒரு பெண், தனி ரேஷன் கார்டு கேட்டு முகாமுக்கு வந்த வீடியோவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். இடுப்பில் ஒரு பிள்ளை, கையில் ஒரு பிள்ளை என்று நிற்கிற அவளிடம், "வீட்டுக்காரர் ஃபோனுக்கு ஓடிபி வரும், கேட்டுச் சொல்லும்மா" என்கிறார்கள். கமெண்டில், "அனுசரித்துப் போயிருக்கலாம்" என்று அவளுக்கே அறிவுரை வேறு. மனசு ஆறவில்லை.

பிரிந்து வந்தவளின் பெயர் புருஷன் கார்டிலோ மாமியார் கார்டிலோ இருக்கும். அதை நீக்கினால்தான் புது ரேஷன் கார்டு. ஆன்லைனில் நீக்கப் போனால், கார்டில் பதிந்த நம்பருக்குத்தான் ஓடிபி போகிறது. மகளிர் உரிமைத்தொகை கார்டுக்கு ஒருவருக்குத்தான். மாமியார் வாங்கினால் இவளுக்கு இல்லை. முதல்வர் மருத்துவக் காப்பீட்டுக்கும் கார்டு வேண்டும். ஆக, எல்லாச் சாவியும் விட்டுப் போனவன் கையில்.

ஆன்லைன் வழி இப்படி அடைபட்டால் வட்ட வழங்கல் அலுவலரிடம் எழுத்தில் மனு கொடுங்கள். இரண்டாம் சனிக்கிழமை குறைதீர் முகாமிலும் கொடுக்கலாம். தனியாக வசிக்கும் முகவரிக்கு ஆதாரத்தை இணைத்து, விசாரணை கேளுங்கள். ரசீது வாங்காமல் நகராதீர்கள்.

"ஓய்வூதியம் இருக்கே?" என்பீர்கள். இருக்கிறது. கைவிடப்பட்ட பெண்களுக்கான அந்தத் தொகையை 2023 ஆகஸ்டில் 1,200 ரூபாய் ஆக்கினார்கள். ஆனால் வயது 30 ஆகியிருக்க வேண்டும். கோர்ட் தீர்ப்பு இல்லையென்றால் பிரிந்து 5 வருடம் ஆகியிருக்க வேண்டும். 24 வயதில் கைக்குழந்தையோடு நிற்பவள் அதுவரை எதைச் சாப்பிடுவாள்?

"பொய் சொல்லி வாங்குவார்கள்" என்பவர்களுக்கு: விஏஓ தெருவில் விசாரிக்கிறார், வருவாய் ஆய்வாளர் (ஆர்ஐ) பார்க்கிறார். போதாதா?

"கோர்ட்டுக்குப் போகட்டும்." போகிறார்கள் ஐயா. வக்கீல் இலவசம், சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்ணுக்கு வருமான வரம்பு கிடையாது. இடைக்கால ஜீவனாம்ச மனுவை நோட்டீஸ் சேர்ந்த 60 நாளில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்கிறது சட்டம். நோட்டீஸ் சேர்ந்தால்தானே! எங்கள் தெருவில் மாவு அரைத்து விற்கும் அக்காவிடம், "விலாசதாரர் இல்லை" என்று எழுதித் திரும்பிய கோர்ட் கவர் இருக்கிறது. அவன் பக்கத்து ஊரில்தான் ஆட்டோ ஓட்டுகிறான். உத்தரவே வந்தாலும் அவன் கட்டுவதில்லை. பாக்கி விழுந்த ஒரு வருடத்துக்குள் மனு போடாவிட்டால் அந்தப் பாக்கியை வாரண்ட் போட்டு வசூலிக்க முடியாது. இதை அக்காவுக்கு யாரும் சொல்லவில்லை.

கார்டுக்கு அவன் ஓடிபி, கோர்ட்டுக்கு அவன் விலாசம். அவனைக் கேட்காமல் அவளை மட்டும் விசாரித்து ஒரு கார்டு கொடுங்கள். "அனுசரித்துப் போயிருக்கலாம்" என்று எழுதியவர்களே, அந்தப் பிள்ளைகளின் பால் காசை அனுசரணையா கொடுக்கும்?