செட்டியாரைத் தனியாகத் தர மாட்டார்களாம்

செட்டாகத்தான் கொடுப்பார்களாம். உடைத்துத் தர மாட்டார்களாம். பொம்மைக் கடையில் ஒருவர் நெஞ்சை நிமிர்த்தி "உடைத்துத் தர மாட்டோம்" என்று சொல்வதைக் கேட்கும் பாக்கியம் இன்று காலை எனக்குக் கிடைத்தது.

அடுத்த தெருக் கல்யாண மண்டபத்தில் கொலு பொம்மைக் கண்காட்சி. நுழைவுக் கட்டணம் 20 ரூபாய், ஸ்கூட்டர் நிறுத்த இன்னொரு 20. வாங்க வந்தவளிடம் வாசலிலேயே வசூல். நம் தெரு மளிகைக் கடைக்காரருக்கு இந்த யோசனை வராமல் இருக்க வேண்டும், பிள்ளையாரப்பா. வீட்டிலிருந்து எண்ணி எடுத்துப் போனது 1,000 ரூபாய். ஒரு பொம்மையைக்கூடப் பார்க்காமல் 960 ஆகிவிட்டது.

எனக்கு வேண்டியது கொலுவில் மளிகைக் கடை போட்டு உட்காரும் ஒரே ஒரு செட்டியார் பொம்மை. போன வருடம் கொலு கலைத்து, பொம்மைகளைப் பழைய வேட்டியில் சுற்றிப் பரணில் ஏற்றும்போது என் வீட்டுக்காரர் கை நழுவவிட்டார். செட்டியார் கழுத்தோடு போய்விட்டார். ஆச்சி மட்டும் தப்பித்தார். மாமியார் காலத்துக் களிமண் ஜோடி அது. கீழ்ப்படியில் அரிசி, பருப்பு, மிளகாய் வற்றல் எல்லாம் குட்டிக் கிண்ணங்களில் பரப்பி, அதன் பின்னால் தொப்பையும் துண்டுமாகச் செட்டியார் உட்காராவிட்டால் அது என்ன கொலு?

உள்ளே போனால், தலையாட்டி பொம்மை என்று ஸ்பிரிங் வைத்த பிளாஸ்டிக்கை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். புவிசார் குறியீடு வாங்கிய தஞ்சாவூர்ப் பொம்மைக்கு இந்தக் கதி. அதை விடுங்கள். நாலாவது கடையில் செட்டியார் இருந்தார். "காகிதக் கூழ் மேடம், எடையே இருக்காது" என்றார் கடைப் பையன். தூக்கினேன். மணிக்கட்டு இறங்கியது. திருப்பி அடிப்பக்கத்தை விரலால் தேய்த்தேன். பல்பொடி மாதிரி வெள்ளைத் தூள். காகிதக் கூழ் பொம்மையென்றால் உள்ளே கூடாக இருக்கும், தட்டினால் டொப்பென்று கேட்கும். சுட்ட களிமண்ணென்றால் பெயர்ந்த இடம் சிவப்பாகத் தெரியும். இது சுத்தமான பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். விளாச்சேரியிலும் பண்ருட்டியிலும் தலைமுறை தலைமுறையாகப் பொம்மை செய்கிறவர்கள் பார்த்தால் அழுவார்கள். போகட்டும், முகம் லட்சணமாக இருந்தது. வாங்கிவிடலாம் என்று நினைத்தேன்.

"தம்பி, செட்டியார் மட்டும் கொடுங்கள்."

"ஜோடியாகத்தான் மேடம். 900."

"ஆச்சி வீட்டில் இருக்கிறார். இவர்தான் இல்லை. பாதி விலை 450 தருகிறேன்."

"அப்புறம் இந்த ஆச்சியை யார் வாங்குவார்கள்?"

நியாயமான கேள்வி என்று நினைத்திருப்பார் போலும். தம்பி, செட்டியார் உடைந்த வீடு ஒன்று இருந்தால் ஆச்சி உடைந்த வீடும் ஒன்று இருக்காதா? கை நழுவவிடுகிற கணவன்மார்கள் ஆண் பொம்மையா பெண் பொம்மையா என்று பார்த்தா போடுகிறார்கள்?

முதலாளியைக் கேட்க வேண்டும் என்றார். முதலாளி தொலைபேசியில் இருந்தார். என்னைப் பார்த்து ஒரு விரலைத் தூக்கினார். ஒரு நிமிடம் என்று அர்த்தமாம். பத்து நிமிடம், கையில் கனத்த செட்டியாரோடு நின்றேன். கீழே வைக்கலாமென்றால் "தொடாதீர்கள்" என்ற அட்டை முறைக்கிறது. எடுத்த இடத்தில் அதற்குள் ஒரு யானை வந்துவிட்டது. இரண்டு பெண்கள் படம் எடுக்க வந்து, "ஆன்ட்டி, கொஞ்சம் நகருங்கள், பின்னால் கல்யாண செட் மறைகிறது" என்றார்கள். நகர்ந்தேன். அவர்கள் ஒரு பொம்மையும் வாங்கவில்லை.

கடைசியில் முதலாளி வந்தார். விஷயத்தைக் கேட்டார். கண்ணை மூடித் திறந்தார். "தம்பதியைப் பிரிக்கலாமா அம்மா? தோஷம்."

நான் என்ன விவாகரத்தா கேட்டேன்? என் வீட்டில் ஒரு ஆச்சி ஒரு வருடமாகத் தனியாக நிற்கிறார், அவருக்கு ஒரு துணை தேடி வந்திருக்கிறேன், புண்ணியம் ஐயா என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "சரி, தனியாகத்தான் வேண்டுமென்றால் 750."

ஆக, தோஷம் இருக்கிறது, ஆனால் 300 ரூபாயில் பரிகாரமும் இருக்கிறது.

இதையாவது பொறுத்துக்கொண்டிருப்பேன். அதே நேரத்தில் கார் சாவியைச் சுழற்றிக்கொண்டு ஓர் அம்மாள் வந்தார். 6,500 ரூபாய் தசாவதார செட், விலையே கேட்கவில்லை. "கூர்மத்துக்குக் கால் சரியில்லையே" என்று மட்டும் முகம் சுளித்தார். முதலாளி பாய்ந்து போய் அடுத்த செட்டிலிருந்து நல்ல கூர்மத்தை எடுத்து இதில் வைத்து, நொண்டிக் கூர்மத்தை அதில் சொருகினார். என் கண் முன்னால்! செட்டு பிரிந்தது, வானம் இடிந்து விழவில்லை. பத்து அவதாரங்களும் தம்பதிகள் இல்லையே, தோஷம் வராது. அந்த இரண்டாவது செட்டை வாங்கப்போகிற புண்ணியவதியை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது.

மயிலாப்பூர் வடக்கு மாட வீதி நடைபாதைக் கடைகளுக்குப் போயிருக்க வேண்டும். வெயில், இடி, மிதி எல்லாம் உண்டு, ஆனால் பேரத்துக்குப் பதிலாகத் தோஷம் சொல்ல மாட்டார்கள். பாதி விலைக்குக் கேட்டால் திட்டுவார்கள், நாலடி நகர்ந்தால் கூப்பிட்டுக் கொடுப்பார்கள். அதுவல்லவா வியாபாரம்?

வருடத்துக்கு ஒரு புதுப் பொம்மையாவது வாங்க வேண்டும் என்பது வீட்டு வழக்கம். வெறும் கையோடு வர மனமில்லை. 80 ரூபாய்க்கு உள்ளங்கை அளவில் ஒரு களிமண் பூசணிக்காய் வாங்கினேன். செட்டியார் கடைக்குச் சரக்கு. கடைக்குத்தான் ஆள் இல்லை.

வீட்டுக்கு வந்து கொட்டித் தீர்த்தேன். செட்டியாரைக் கொன்ற மகானுபாவர் செய்தித்தாளிலிருந்து தலையை எடுக்காமல், "ஆச்சியே கடையைப் பார்த்துக்கொள்ளட்டுமே, கணக்காவது ஒழுங்காக இருக்கும்" என்றார். கையிலிருந்த பூசணிக்காயை அவர் மேல் எறிந்திருப்பேன். 80 ரூபாயாயிற்றே என்று விட்டுவிட்டேன். அப்புறம் சிரிப்புதான் வந்தது.

கொலு என்றதும் இன்னொன்றும் வயிற்றெரிச்சல். போன வருடம் முதல் நாள் நான் வெற்றிலை பாக்கோடு வைத்துக் கொடுத்த பச்சை ரவிக்கைத் துணி, நாலு வீடு சுற்றி, ஒன்பதாம் நாள் எனக்கே வந்து சேர்ந்தது. மடிப்புக்குள் இருந்த மசிப் புள்ளி அப்படியே இருந்தது. அது தெரிந்துதான் நானும் கொடுத்தேன், அது வேறு விஷயம். அட்டையில் 80 சென்டிமீட்டர் என்று போட்டிருக்கிறது. அளந்தால் 70கூட இல்லை. இதில் யாருக்கு ரவிக்கை தைப்பது? ஆச்சிக்கு வேண்டுமானால் தைக்கலாம்.