"சும்மா படிக்கத்தானே செய்கிறோம்" என்பவர்களுக்கு

நேற்று போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸுக்கான ஒரு பேட்சின், அதாவது புரோகிராம் கோடில் செய்யும் மாற்றத்தின், ரிவ்யூவில் நடந்ததைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். லாக் (நாம் பயன்படுத்தும்போது டேபிளை மற்றவர்கள் மாற்றிவிடாமல் தடுக்கும் பூட்டு) எடுக்காமல் டேபிளைத் திறக்காதீர்கள் என்று ஒரு வரி எழுதினேன். "சும்மா படிக்கத்தானே செய்கிறோம், எதற்கு இந்தப் பயம்?" என்று பதில் வந்தது. பயமாம்!

படிக்கத்தான். ஆனால் எதைப் படிக்கிறீர்கள்? டேபிளில் என்னென்ன நெடுவரிசைகள், டிஸ்க்கில் எந்த ஃபைல் என்ற விவரத்தை போஸ்ட்கிரெஸ்ஸில் ஒவ்வொரு செஷனும், அதாவது ஒவ்வொரு இணைப்பும், தன் கேஷில் (கைவசப் பிரதியில்) வைத்திருக்கும். இன்னொருவர் ஆல்டர் டேபிள் போட்டு டேபிளின் அமைப்பை மாற்றினால் "உன்னிடம் இருப்பது பழசு" என்று தகவல் வரும். லாக் எடுக்கும்போதுதான் அந்தத் தகவலை உங்கள் செஷன் வாங்கிக்கொள்கிறது. லாக் எடுக்காமல் விட்டால் பழைய விவரத்தை நம்பி நடக்கிறீர்கள்.

எம்விசிசி (ஒரே வரியின் பல பதிப்புகளை வைத்திருக்கும் முறை) காப்பாற்றும் என்பார்கள். அது டேபிளுக்குள் இருக்கும் வரிகளைக் காப்பாற்றும். டேபிளையே ஒருவர் டிராப் செய்தால், அதாவது நீக்கிவிட்டால், அது என்ன செய்யும்?

முன்பு வேலை பார்த்த இடத்தில் இதைக் கண்ணால் பார்த்தேன். தினமும் இரவில் ஒரு டேபிளை டிராப் செய்து அதே பெயரில் மறுபடி உருவாக்குவார்கள். போஸ்ட்கிரெஸ்ஸோடு நாங்கள் சேர்த்திருந்த எக்ஸ்டென்ஷன் (கூடுதல் புரோகிராம்), டேபிளின் பெயரை வைத்து அதன் ஓஐடியை (உள் அடையாள எண்ணை) தேடி எடுத்து, லாக் இல்லாமல் திறக்கும். தேடுவதற்கும் திறப்பதற்கும் நடுவில் டேபிள் போய்விட்டால் "இந்த ஓஐடி உள்ள ரிலேஷனைத் திறக்க முடியவில்லை" என்று பிழை; ரிலேஷன் என்றால் இங்கே டேபிள்தான். என்றாவது ஒருநாள்தான் வரும். டெஸ்டில் ஒரே செஷன், அங்கே வரவே வராது. கடைசியில் பழி யார்மீது விழுந்தது? இரவு ஷிஃப்ட்டில் இருந்த, அந்தக் கோடைத் தொட்டே இராத பையன்மீது. இன்றும் அதை நினைத்தால் எனக்கு ஆறவில்லை.

லாக் எடுத்தால் வேகம் குறையுமா? படிக்கும் கட்டளையான செலக்ட் எடுக்கும் ஆக்ஸஸ் ஷேர் லாக், எட்டு வகை லாக்குகளில் மிகக் கடுமையான ஆக்ஸஸ் எக்ஸ்குளூசிவ் ஒன்றோடு மட்டும்தான் மோதும். படிப்பவர் படிப்பவரைத் தடுப்பதே இல்லை. 2012இல் வந்த போஸ்ட்கிரெஸ் 9.2 பதிப்பு முதல் இந்த லாக் எடுப்பது இன்னும் மலிவு. ஆல்டர் டேபிள் ஒன்று காத்திருந்தால் பின்னால் வருபவர்களும் வரிசையில் நிற்பார்கள், உண்மைதான். அதற்கு ஆல்டர் போடுபவர் லாக் டைம்அவுட் (லாக்குக்காகக் காத்திருக்கும் நேரத்துக்கு வரம்பு) வைக்கட்டும், படிப்பவர் ஏன் லாக்கைக் கைவிட வேண்டும்?

ஏற்கெனவே லாக் கையில் இருந்தால் நோலாக், அதாவது புதிதாக லாக் வேண்டாம், என்று திறக்கலாம், அதை நான் மறுக்கவில்லை. இந்த பேட்சில் யார் கையிலும் லாக் இல்லை. பதினைந்து நிமிடம் கோடைப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் அந்த வரியை எழுதினேன். பதில் சொன்னவர் அவ்வளவு நேரமாவது செலவழித்தாரா?

என்னை நம்ப வேண்டாம். 2019இல் வந்த 12ஆம் பதிப்பிலேயே போஸ்ட்கிரெஸ்காரர்கள் இதற்கு அசெர்ட் (லாக் இல்லாமல் திறந்தால் புரோகிராமை நிறுத்திவிடும் சோதனை) வைத்துவிட்டார்கள். அசெர்ட்டை இயக்கி பில்ட் செய்து இந்த பேட்சை ஓட்டுங்கள், அந்த இடத்திலேயே விழும். அதைத் திருத்தும்வரை என் ஒப்புதல் கிடையாது.